இந்த மூவை அவன் எதற்கு ஆடினான்?

செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்று நான் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது 37. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயம். போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' எங்கே பார்த்தாலும் சிரித்துக்கொண்டிருந்தது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகன் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, எனக்கு செஸ் போர்டு வேணும்" என்றான். திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில், சுருட்டி வைக்கிற மாதிரி ரெக்ஸின் போர்டு வாங்கிக்கொடுத்தேன். அவனோடு ஆட வீட்டில் ஆள் இல்லை. அதனால் நானும் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் அவன் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளி அரங்கிலோ பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, சாயங்காலம் பரிசளிப்பு முடியும்வரை பெற்றோர் வெளியே காத்திருப்போம். ஒருநாள் பதிவு மேசையில் இருந்தவர், "ஓப்பன் பிரிவுக்கு வயசு வரம்பு கிடையாது, நீங்களே ஆடலாமே" என்றார். அடுத்த போட்டியில் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆறு ரவுண்டில் எனக்குக் கிடைத்தது ஒரு புள்ளி. அதுவும், ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்ததால் ஒரு ரவுண்டில் எதிராளி இல்லாமல் 'பை' என்று கொடுத்த புள்ளி.

தோற்றதில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிட, எதனால் தோற்றேன் என்றே புரியாததுதான் உறுத்தியது. அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்களைச் சொல்லித்தரும் வீடியோக்களை யூடியூபில் பார்க்கத் தொடங்கினேன். லண்டன், இத்தாலியன், சிசிலியன். சமையல் முடித்த பிறகு தினமும் ஒரு மணி நேரம். ஆறு மாதத்தில் லண்டன் ஓப்பனிங்கின் முதல் எட்டு மூவ் எனக்கு மனப்பாடம். அடுத்த போட்டியில் எதிரே உட்கார்ந்த பையன் மூன்றாவது மூவிலேயே வீடியோவில் இல்லாத ஒன்றை ஆடினான். அந்த இடத்தோடு எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்துபோனது. அந்தப் போட்டியிலும் ஒன்றரைப் புள்ளிதான்.

புதிதாக ஆட வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இன்றைக்கும் "எந்த ஓப்பனிங் கத்துக்கலாம்?" என்பதுதான். நான் அந்த ஆறு மாதத்தை அப்படியே சொல்லிவிடுவேன்.

அந்த ஒன்றரைப் புள்ளிப் போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வெளியே வந்து பேசினார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தியைப் போட்டிக்கு அழைத்து வருவார். அங்கே எல்லோருக்கும் அவர் 'சார்'. "மூவ் எழுதி வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். நேரம் குறைவான ரேபிட் போட்டியில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் மகனுக்குக் காட்ட வேண்டும் என்று, நேரம் இருக்கும்வரை நான் எழுதி வைத்திருந்தேன். மண்டபத்துப் படிக்கட்டில் போர்டை விரித்து, அந்தக் காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு மூவாக வைத்தார். என் மூவ்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிராளியின் ஒவ்வொரு மூவுக்கும் நிறுத்தி, "இதை அந்தப் பையன் எதுக்கு ஆடினான்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு மூவுக்குக்கூட இல்லை. அவன் ஆடும் நேரமெல்லாம் நான் என் அடுத்த மூவைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினாலாவது மூவ் வந்தது. (போர்டில் கட்டங்களுக்குப் பெயர் உண்டு: வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்.) அவன் குதிரை சி6-லிருந்து பி4-க்கு வந்திருந்தது. நான் அப்போது எச்3 என்று ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தேன். என் ராஜா இன்னும் இ1-லேயே, யானை ஏ1-லேயே. ராணியை முன்னாலேயே வெளியே கொண்டுபோய்விட்டதால் சி2 கட்டத்தைக் காக்க யாரும் இல்லை. அடுத்த மூவில் குதிரை சி2-ல் சிப்பாயை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ராஜாவுக்கு செக், கூடவே யானைக்கும் குறி. ராஜாவை நகர்த்தினேன், யானை போனது. செஸ்ஸில் ஃபோர்க் என்று சொல்வது இதுதான். ஃபோர்க் என்றால் என்ன என்று அப்போது கேட்டிருந்தால் நான் விளக்கமே சொல்லியிருப்பேன். தெரியாமல் நான் யானையை இழக்கவில்லை. பார்க்காமல் இழந்தேன்.

"நீங்க உங்க ஆட்டத்தை மட்டும் ஆடுறீங்கம்மா. எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான்" என்றார் சார்.

அன்று இரவு மகனின் பழைய நீள நோட்டு ஒன்றை எடுத்து, தோற்ற ஆட்டங்களை எழுத ஆரம்பித்தேன். ஆன்லைனில் தோற்றதும் அதில் உண்டு. பெரிதாக ஒன்றும் எழுதவில்லை: எத்தனையாவது மூவ், எந்தக் காய் போனது, அதற்கு முந்தைய மூவில் எதிராளி என்ன ஆடினான், நான் அப்போது எதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு நாலு வரி. மூன்று மாதத்தில் 52 தோல்விகள் சேர்ந்தன. ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 38 ஆட்டங்களில் ஒரு காயைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறேன், அல்லது ஒரே மூவில் வந்த மிரட்டலைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஏழில் எதிர்பாராத செக்மேட். ஐந்தில் ஜெயிக்க வேண்டிய எண்ட்கேமை, அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தை, கோட்டைவிட்டது. இரண்டில் நேரம் தீர்ந்தது. ஓப்பனிங் தெரியாததால் தோற்றது என்று ஒன்றுகூட இல்லை.

உங்கள் நோட்டில் வேறு கணக்கு வரலாம். ஆனால் ஆரம்பத்தில் இருக்கிற யார் எழுதினாலும் முதல் வரி இந்தச் சும்மா கொடுத்த காயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பலரின் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. கையால் எழுதுவது முக்கியம். ஆப்பில் ஆட்டம் தானாகப் பதிவாகிவிடும்; அதைத் திரும்பத் திறந்து பார்க்க மனசு வராது.

சரி, எதிராளியின் மூவைப் பார்ப்பது என்றால் என்ன? சார் எனக்கு மூன்று சொற்களைக் கொடுத்தார்: செக், வெட்டு, மிரட்டல். எதிராளி காய் வைத்ததும் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும். அடுத்த மூவில் அவனால் செக் கொடுக்க முடியுமா? எதையாவது வெட்ட முடியுமா? வேறு எதற்காவது குறி வைக்கிறானா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் நம் ஆட்டத்தை யோசிக்க வேண்டும். ஒரு மூவை முடிவு செய்தபின், காயைத் தொடுவதற்கு முன்னால், அதே மூன்றையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்: நான் இதை வைத்த பிறகு அவனுக்கு என்ன செக், என்ன வெட்டு, என்ன மிரட்டல்?

இதில் எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்த ஒரு விஷயம் உண்டு. நகர்ந்த காய் எங்கே வந்து நிற்கிறது என்று நம் கண் தானாகவே பார்த்துவிடும். அது எந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனது என்பதைப் பார்க்காது. ஒருமுறை எதிராளியின் குதிரை நடுவிலிருந்து நகர்ந்து என் பிஷப்பைக் குறிவைத்தது. நான் பிஷப்பைக் காப்பாற்றினேன். குதிரை விலகிய வழியில் பின்னால் இருந்த அவருடைய பிஷப் நேராக என் ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராணி போனது. அன்றிலிருந்து நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: காய் முன்பு இருந்த கட்டத்தைத் திரும்பிப் பார்ப்பது. அங்கிருந்து ஏதாவது வழி திறந்திருக்கிறதா? அது இதுவரை காத்துக்கொண்டிருந்த எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறதா? இரண்டாவது கேள்வி நமக்கு லாபமானது. எதிராளியும் நம்மைப் போலத்தான், எதையாவது விட்டுவிட்டுப் போகிறவர்தான்.

இப்படிப் பார்த்து ஆடினால் ஆரம்பத்தில் நேரம் அதிகம் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் எனக்குத் தலைவலியே வந்தது. அதனால்தான் மூன்று நிமிட, ஒரு நிமிட ஆட்டங்களை விட்டுவிடச் சொல்கிறேன். அதில் இந்தப் பழக்கம் வரவே வராது. பழைய பழக்கம்தான் இன்னும் இறுகும். ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி கூடுதல் என்று ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், நேரம் இருந்தால் இரண்டு. ஆடிய பிறகு பத்து நிமிடம் நோட்டுக்கு. நான் ஒரு நாளில் எட்டு ஆட்டம் ஆடிய காலமும் உண்டு. நோட்டு எழுதத் தொடங்கிய பிறகு வாரத்துக்கே எட்டுதான் ஆடினேன். முன்னேற்றம் வந்தது அப்போதுதான்.

பஸ்ஸில்கள், அதாவது செஸ் புதிர்கள் பற்றி. லிச்செஸ் தளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம், விளம்பரமும் கிடையாது. ஆனால் கஷ்டமானதைத் தேடிப் போகாதீர்கள். ஒரு மூவ் செக்மேட், இரண்டு மூவ் செக்மேட், ஃபோர்க், 'பின்' (நகர்ந்தால் பின்னால் இருக்கும் பெரிய காய் போய்விடும் என்று ஒரு காயைக் கட்டிப்போடுவது) இவை போதும், மாதக்கணக்கில். கை வைத்துப் பார்த்து, தப்பானால் மாற்றிக்கொள்ளலாம் என்று போடுவதில் பயன் இல்லை. கடைசி மூவ்வரை மனதில் பார்த்த பிறகே தொட வேண்டும். தப்பாகப் போட்டதை நிஜப் போர்டில் அடுக்கி வைத்து மறுநாள் மறுபடி பார்ப்பேன். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் எப்போதும் ஒரு போர்டு அப்படியே கிடக்கும். மகன் போகிற போக்கில் பார்த்துவிட்டு விடை சொல்லிவிட்டுப் போவான்.

நோட்டில் இருந்த அந்த ஏழு செக்மேட்டில் நாலு ஒரே மாதிரி. கேஸ்லிங் செய்த, அதாவது யானையோடு சேர்த்து ஒரே மூவில் ஓரமாக ஒதுக்கிய ராஜா, மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு வந்து செக் கொடுத்தது. ராஜாவுக்கு ஓட இடமில்லை, முன்னால் நிற்பது நம்முடைய சிப்பாய்களே. யானைகள் வெட்டுப்பட்டுப் போகத் தொடங்கும் நேரத்தில் ஒரு ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராஜாவுக்கு ஒரு ஜன்னல் வைத்துவிடுங்கள். ஆனால், என்ன ஆடுவது என்று தெரியாத நேரத்திலெல்லாம் அதைத் தள்ளக் கூடாது. அந்தப் பதினாலாவது மூவில் நான் தள்ளியதும் அதே சிப்பாயைத்தான்.

ஓப்பனிங்குக்கு நான் இப்போது சொல்லிக்கொடுப்பது சுருக்கமானது. நடுவில் ஒரு சிப்பாயோ இரண்டோ, குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, பத்து மூவுக்குள் கேஸ்லிங். ராணிக்கு அவசரம் வேண்டாம். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்த வேண்டாம். பிள்ளைகளுக்கு மட்டும் அந்த நாலு மூவ் செக்மேட்டைக் கட்டாயம் காட்டிவிடுங்கள். ராணி எச்5-க்கு வந்து, பிஷப் சி4-க்கு வந்து, எஃப்7-ல் ராணி வெட்டி முடியும். என் மகன் முதல் போட்டியில் இதில் தோற்று வெளியே வந்து என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். இ5-ல் இருக்கும் சிப்பாயைக் குதிரை காத்துக்கொண்டிருந்தால், பிஷப் வந்ததும் ஜி6 என்று சிப்பாயைத் தள்ளினால் ராணி பின்வாங்கியாக வேண்டும். அது எஃப்3-க்கு வந்து மறுபடி எஃப்7-ஐப் பார்த்தால், குதிரையை எஃப்6-க்கு வைத்து மறைத்துக்கொள்ளலாம். இரண்டே மூவ். அதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

எண்ட்கேமுக்கு வருகிறேன். எனக்கு செஸ் மீது உண்மையான ஆசை வந்தது இங்கேதான்.

சார் ஒருநாள் போர்டில் மூன்றே காய்களை வைத்தார். வெள்ளை ராஜா இ5-ல், வெள்ளைச் சிப்பாய் இ4-ல், கறுப்பு ராஜா இ7-ல். இரண்டு ராஜாவும் நேருக்கு நேர், நடுவில் ஒரே ஒரு கட்டம். "யார் ஜெயிப்பாங்க?" என்றார். வெள்ளைக்குச் சிப்பாய் இருக்கிறதே, வெள்ளைதான் என்றேன். "ஆட வேண்டியது யாருன்னு கேட்கலையே நீங்க?" என்றார்.

ஆட வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி. ஆட வேண்டியது வெள்ளை என்றால் டிரா. காய்கள் அதே இடத்தில்தான். இப்படி ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது நகர வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறதோ அவர் வழிவிட வேண்டியிருக்கிறது. இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர். கறுப்பு ராஜா ஒரு பக்கம் விலகினால் வெள்ளை ராஜா மறுபக்கம் புகுந்து முன்னேறிவிடும். வெள்ளை விலகினால் கறுப்பு அதே பக்கம் விலகி மறுபடி முகத்துக்கு முகம் நிற்கும். அன்று சாயங்காலம் சாரும் நானும் அந்த மூன்று காய்களை வைத்து முப்பது தடவையாவது ஆடியிருப்போம். வெள்ளையாக, கறுப்பாக, மாற்றி மாற்றி. எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

அது 2024 மார்ச். அந்த வருடம் டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் உலக சாம்பியன் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டத்தை ஆடினார்கள். புள்ளி சமமாக இருந்தது. அந்த ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. நானும் மகனும் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். 55-ஆவது மூவில் வெள்ளையை ஆடிய டிங் யானையை எஃப்2-க்கு வைத்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் வெட்டினார். பிறகு தன் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து, டிங்கின் பிஷப்பையும் வெட்டிக்கொள்ள வைத்தார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். டிங் ராஜாவை இ3-க்கு வைத்தார். குகேஷ் தன் ராஜாவை இ5-க்கு வைத்தார். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இ3, இ5. நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம், நகர வேண்டியது வெள்ளை. சார் படிக்கட்டில் வைத்துக் காட்டிய அதே நிற்பு. 18 வயதில் உலக சாம்பியன் ஆன பையனின் கடைசி மூவ் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகன் பயந்து, "என்னம்மா?" என்றான்.

ஓப்பனிங்குக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க நினைப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை இந்த மூன்று காய்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். கூடவே, ஒரு ராணியும் ராஜாவும் வைத்து செக்மேட் செய்வது, ஒரு யானையும் ராஜாவும் வைத்து செக்மேட் செய்வது. ராணியை வைத்து ஜெயிக்கப் போய், எதிராளிக்கு செக்கும் இல்லாமல் நகர இடமும் இல்லாமல் போகிற ஸ்டேல்மேட்டில் டிரா ஆகித் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டர் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் முதலில் நீங்களே ஆட்டத்தைத் திரும்பப் பார்த்து, எங்கே தப்பு நடந்தது என்று நோட்டில் எழுதிய பிறகு. யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் ஒரு எண்ணில் காட்டும்; அதில் வரும் சின்னச் சின்ன தசம வித்தியாசங்களை நம் நிலையில் கண்டுகொள்ள வேண்டாம். அந்த எண் ஒரேயடியாகக் குதிக்கிற இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அங்கேதான் காய் போயிருக்கும்.

போட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறையாவது போங்கள். ஸ்விஸ் முறையில் நடக்கும். தோற்றால் வெளியேற்ற மாட்டார்கள், ஏறக்குறைய உங்கள் அளவு புள்ளி உள்ளவரோடு அடுத்த ரவுண்டில் உட்கார வைப்பார்கள். அதனால் நாள் முழுக்க ஆட்டம் உண்டு. பல இடங்களில் போர்டும் காயும் நாமே கொண்டுபோக வேண்டும். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். கட்டத்தில் சரியாக வைக்க வேண்டுமானால் தொடுவதற்கு முன்பே 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிடுங்கள். கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொட வேண்டும். நான் யானையை முதலில் தொட்டுவிட்டு, அந்த மூவில் கேஸ்லிங் செய்ய முடியாமல் போயிருக்கிறேன். காய் வைத்த கையாலேயே கிளாக்கை அழுத்த வேண்டும். செல்போனை அணைத்து வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலாவது ரவுண்டில் உட்காராதீர்கள். தயிர் சாதம் நல்லது.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு: வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் "ஆட்டத்தைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். நான் மாற்றிக்கொண்ட பிறகுதான் என் மகன் தோற்ற ஆட்டங்களையும் என்னிடம் காட்டத் தொடங்கினான்.

2025 ஜனவரியில் ஒரு போட்டி. ஐந்தாவது ரவுண்டில் எனக்கு எதிரே பன்னிரண்டு வயதுப் பெண். என்னைவிட நன்றாக ஆடினாள். கடைசியில் அவளுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், எனக்கு ராஜா மட்டும். அவள் வெள்ளை. சிப்பாய் இ4-ல். அவள் ராஜா இ5-க்கு வந்தது. என் ராஜா டி8-ல் இருந்தது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இதை எதற்கு ஆடினாள்? மேலே ஆறாவது வரிசைக்குப் போகப் பார்க்கிறாள். எனக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, இ7. வைத்தேன். அவள் டி5 போனாள், நான் டி7. சிப்பாயை இ5-க்குத் தள்ளினாள், நான் இ7. இ6-க்குத் தள்ளினாள். இங்கேதான் பக்கவாட்டில் போகக் கூடாது, நேராகப் பின்னால் போக வேண்டும் என்று சார் சொன்னது ஞாபகம் வந்தது. இ8. அவள் டி6, நான் டி8. சிப்பாய் இ7-க்கு வந்து செக். நான் மறுபடி இ8. சிப்பாயைக் காப்பாற்ற அவள் இ6-க்கு வந்தாள். எனக்குப் போக இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா.

அவள் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து, "ஆன்ட்டி, நான் எங்க விட்டேன்?" என்று கேட்டாள். படிக்கட்டில் ரெக்ஸின் போர்டை விரித்தேன். மூன்று காய்களை வைத்து, "முதல்ல சொல்லு, நான் இ7-க்கு எதுக்கு வந்தேன்?" என்று கேட்டேன். ஆறாவது ரவுண்டில் யாரோடு யார் என்ற பேரிங் பட்டியலை ஒட்டும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தோம்.